நனையட்டும், நனைந்தபடி மடிக்காதீர்கள்

பள்ளிக்கூடத்துச் சாரணர் அறை மூலையில் பச்சைநிறக் கன்வஸ் கூடாரம் ஒன்று சுருட்டிக் கிடந்தால், ஒருநாள் ஆசிரியரிடம் கேட்டு அதை விரித்துப் பாருங்கள். கயிற்றை அவிழ்த்ததுமே ஓர் உக்கல் மணம் மூக்கில் ஏறும். மடிப்பு விழுந்த இடங்களில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். சில மடிப்புகளில் விரலை வைத்து அழுத்தினால் துணி கிழியக்கூடச் செய்யாது, அப்படியே பொத்துக்கொண்டு போகும். "மழையில நனைஞ்சு நனைஞ்சு பழுதாப் போச்சுது" என்று மேல்வகுப்பு அண்ணாமார் சொல்வார்கள். அது மழையின் மேல் போடும் வீண்பழி. பருத்தி நூல் காய்ந்திருக்கும்போது இருப்பதைவிட நனைந்திருக்கும்போதுதான் பலமாக இருக்கும். கூடாரத்தைக் கொன்றது மழை இல்லை. மழை விட்ட பிறகு, அவசரத்தில் அதை ஈரத்தோடு சுருட்டிக் கட்டிய கைகள்தான்.

திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் கூடாரம் புதிதல்ல. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரையோரக் குடும்பங்கள் எத்தனையோ நாட்களைக் கூடாரங்களில் கழித்தன. பகல் வெக்கையையும் இரவு மழையையும் அந்தத் துணிக்குள் இருந்தே தாங்கியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு 2024 பெப்ரவரியில் 10ஆவது தேசிய சாரணர் ஜம்போரி இங்கே நடந்தபோது, நாடெங்கும் இருந்து வந்த பிள்ளைகள் நம் ஊரில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நைலோன், பொலியெஸ்ரர் கூடாரங்கள். ஆனாலும் பழைய பருத்திக் கன்வஸில் இருக்கிற விஞ்ஞானம் அவற்றில் இல்லை. அதனால்தான் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு பருத்தி இழையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால், காற்றுப் போன சைக்கிள் ரியூப் ஒன்றை முறுக்கிப் போட்டதுபோல் தெரியும். தட்டையாக, உள்ளே குழலாக, இடையிடையே திருகி இருக்கும். காயில் இருக்கும்போது அது உருளையான உயிர்க்கலம். காய் வெடித்து வெயில் பட்டதும் உள்ளே இருந்த நீர் வற்றி, சுவர் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் கிடைத்தால் அந்தச் சுவர் மறுபடி ஊதிப் பருக்கும். வேடிக்கை என்னவென்றால், இழை நீளத்தில் வளர்வது மிகவும் கொஞ்சம்; பருமனில்தான் அது பெருக்கிறது.

இப்போது நெருக்கி நெய்த கன்வஸைக் கற்பனை செய்யுங்கள். நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் சந்திக்கும் இடமெல்லாம் குட்டிக் குட்டித் துவாரங்கள். மழை விழுகிறது. நூல்கள் பருக்கின்றன. பக்கத்து நூல்களை முட்டித் தள்ளுகின்றன. துவாரங்கள் அடைபடுகின்றன. முதல் சில துளிகள் உள்ளே தூவானமாக விழும், அதன் பிறகு நின்றுவிடும். மழையைத் தடுக்கும் கதவை மழையே சாத்துகிறது!

புதிய கன்வஸ் கூடாரம் வாங்கியதும் நேரே முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான். முற்றத்தில் அடித்து, நல்ல தண்ணீர் ஊற்றி முழுக்க நனைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் நூல்கள் பருத்துச் சுருங்கித் தங்கள் இடத்தில் சரியாக அமர்ந்துகொள்ளும். தையல் ஊசி போட்ட ஓட்டைகளும் தையல் நூல் பருப்பதால் அடைபடும்.

இரண்டாம் உலகப் போரின்போது மான்செஸ்டரில் இருந்த ஷேர்லி ஆய்வு நிலையத்தின் விஞ்ஞானிகள் இதே குணத்தைக் கொண்டு விமானிகளுக்கு ஓர் உடை செய்தார்கள். கடலில் விழுந்த விமானி குளிர்ந்த நீரில் சில நிமிடங்களிலேயே விறைத்துப்போவார். றப்பர் உடை போட்டால் நீர் புகாது. ஆனால் விமானத்துக்குள் வியர்த்துக் கொட்டும். நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கி நெய்து அவர்கள் உண்டாக்கிய துணிக்கு வென்டைல் என்று பெயர். காய்ந்திருக்கும்போது அது காற்றை விடும், நனைந்ததும் பருத்து நீரை மறிக்கும். மேலே றப்பர்ப் பூச்சு எதுவும் தேவைப்படவில்லை.

காற்றை விடுவது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். தூங்கும் ஒருவருடைய மூச்சிலும் தோலிலும் இருந்து ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு கிளாஸ் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. கூடாரத்துக்குள் ஆறு பேர் படுத்தால் ஆறு கிளாஸ். பிளாஸ்ரிக் தறப்பாளின் கீழே படுத்தவர்களுக்குத் தெரியும், விடியற்காலையில் மேலே இருந்து சொட்டுச் சொட்டாக விழும். வெளியே மழையே பெய்திருக்காது. கன்வஸ் அந்த ஆவியை உறிஞ்சி வெளியே கடத்திவிடும்.

மழை பெய்யும்போது கூடாரத்தின் உட்பக்கத்தை விரலால் தொடாதீர்கள் என்று சாரணத் தலைவர் கத்துவார். அதற்கும் காரணம் இருக்கிறது. நனைந்த துணியில் நீர், நூல்களுக்கிடையே மேற்பரப்பிழுவிசையால் தொங்கிக்கொண்டிருக்கிறது. விரல் பட்டதும் அந்தப் படலம் உடைந்து நீர் விரலோடு ஒட்டி வரும். வழி கிடைத்துவிட்டதால் பின்னால் இருக்கிற நீரும் தொடர்ந்து வரும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஒரு தந்திரம் உண்டு. ஒழுகும் இடத்தில் விரலை வைத்து, துணியை விட்டு எடுக்காமல், கூடாரத்தின் ஓரம்வரை கீழே கோடு இழுங்கள். நீர் அந்தக் கோட்டிலேயே வழிந்து ஓரத்தில் இறங்கிவிடும்; உங்கள் தலையில் சொட்டாது.

கயிற்றிலும் இதே கதைதான். முறுக்கிய பருத்திக் கயிறு நனைந்தால் நூல்கள் பருக்கும். பருத்த நூலைச் சுற்றிவர முறுக்குக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளம் எங்கிருந்து வரும்? கயிற்றின் நீளத்தில் இருந்துதான். ஆகவே கயிறு குறுகி இறுகும். இரவு மழையில் முளைக்கட்டைகள் பிடுங்கிக்கொண்டு வருவதும், மூலைத் தையல் பறந்துபோவதும் இப்படித்தான். படுக்கப் போகுமுன் கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். நைலோன் கயிற்றுக்கு இந்த வேலை இல்லை. அது நனைந்தால் நீளும். எனவே மழையில் அதை இறுக்க வேண்டிவரும்.

இத்தனை நல்ல குணங்களும் பருத்திக்கு எங்கிருந்து வந்தன? அது தண்ணீரை விரும்புவதால் வந்தன. அதற்கு எமனும் அதே விருப்பத்தில்தான் இருக்கிறது.

பருத்தி ஏறக்குறைய முழுவதும் செலுலோசு. குளுக்கோசு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி அது. குளுக்கோசு என்றால் சீனி வகை. உங்களாலும் என்னாலும் அந்தச் சங்கிலியை அறுத்துச் சீனியை எடுக்க முடியாது. அதற்கான நொதியம் நம் வயிற்றில் இல்லை. பூஞ்சணத்திடம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் பங்கசு என்று படித்திருப்பீர்களே, அந்தக் கூட்டம்தான். அதன் வித்திகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. உங்கள் கூடாரத்தின் மேல் இப்போதும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது ஈரம் மட்டுமே. ஈரம் கிடைத்ததும் முளைத்து, மெல்லிய நார்களைத் துணிக்குள் விட்டு, நொதியத்தைக் கக்கி, செலுலோசைக் கரைத்து உறிஞ்சும். ஈரத்தோடு மடித்த கூடாரத்தில் இந்த விருந்து தொடங்க இரண்டு நாள் போதும். நாம் பார்க்கிற கறுப்புப் புள்ளி பூஞ்சணத்தின் நிறப்பொருள். அது இழைக்குள்ளேயே ஊறிவிடுவதால், பூஞ்சணம் செத்த பிறகும் கறை போகாது.

இதில் ஓர் அருமையான கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் சமுத்திரத்துச் சொலமன் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படையினரின் கூடாரங்களும் இடுப்புப் பட்டிகளும் உடைகளும் மளமளவென்று உக்கிக் கொட்டின. படைக்கு இது பெரிய தலைவலியாகிவிட்டது. உக்கிய துணிகளில் இருந்து ஆயிரக்கணக்கான பங்கசுகளை எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்தார்கள். அவற்றில் கியூஎம் 6ஏ என்று எண்ணிட்ட ஒன்று மற்ற எல்லாவற்றையும்விடப் பெருந்தீனிக்காரன். எல்வின் ரீஸ், மேரி மண்டெல்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் அதை ஆராய்ந்தார்கள். முதலில் கூடாரத்தை எப்படிக் காப்பது என்ற கேள்வி இருந்தது. பிறகு கேள்வியையே திருப்பிப் போட்டார்கள்: இவ்வளவு நன்றாகச் செலுலோசை உடைக்கிறதே, இதைக் கொண்டு வைக்கோலையும் கழிவுக் கடதாசியையும் சீனியாக்கினால் என்ன? 1977இல் அந்தப் பங்கசுக்கு ரீஸைக் கௌரவித்து டிரைக்கோடர்மா ரீசை என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகத் தொழிற்சாலைகள் வளர்க்கும் அந்த இனத்து வகைகள் எல்லாம் அந்த ஒரே கியூஎம் 6ஏயின் வாரிசுகள். உங்கள் ஜீன்ஸ் காற்சட்டை புதிதிலேயே பழசுபோல் மென்மையாக வெளிறி இருந்தால், இப்படிப்பட்ட பங்கசு நொதியத்தில் அது குளித்திருக்க வாய்ப்புண்டு.

ஆனால் செலுலோசு உள்ள எல்லாமே இப்படி உக்கிவிடுவதில்லை. தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் தும்பு எடுக்கிறார்கள். தும்பு ஏன் உக்குவதில்லை? அதில் செலுலோசோடு இலிக்னின் என்ற கடினமான பொருள் பின்னிக் கிடக்கிறது. இலிக்னினை உடைக்கத் தெரிந்த பங்கசுகள் மிகச் சில. பருத்தியில் இலிக்னின் இல்லை. காவல் இல்லாத களஞ்சியம் அது. மரத்திலும் இலிக்னின் உண்டு. தேக்கின் வைரத்தில் அதற்கு மேலே எண்ணெய்களும், கறையானுக்கு ஆகாத இரசாயனங்களும் சேர்ந்திருக்கின்றன. நம் ஊரின் பெயரைத் தாங்கிய திரிங்கோமலி என்ற போர்க்கப்பலைப் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பற் தச்சர்கள் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் கடலில் இறக்கினார்கள். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் அது இன்றும் மிதக்கிறது. இருநூறு வருடம் நிற்கிற உடல் அது. அதில் கட்டிய துணிப்பாய்கள் அப்படி நிற்க வழியே இல்லை.

பாய்க்கப்பல் காலத்தில் திருகோணமலைக்காக வல்லரசுகள் அடித்துக்கொண்டதற்குக் காற்றுத்தான் காரணம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் சென்னை, நாகப்பட்டினம் பக்கத்துத் திறந்த கரையில் கப்பல்கள் நிற்க முடியாது. மலைகள் அணைத்த நம் குடாவுக்குள் எந்தப் புயலிலும் நிற்கலாம். 1782இல் மட்டும் இந்தத் துறைமுகம் இரண்டு முறை கைமாறியது: ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தார்கள், ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் பிடித்தார். இப்படித் துறைமுகத்தில் நிற்கும் பாய்க்கப்பல்களில் ஒரு வழக்கம் இருந்தது. மழை விட்டு வெயில் எறித்ததும், பயணம் இல்லாவிட்டாலும், எல்லாப் பாய்களையும் அவிழ்த்துத் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். அந்தப் பாய்கள் பெரும்பாலும் ஆளிச்செடி நாரில் நெய்தவை. அதுவும் செலுலோசுதான், அதற்கும் அதே நோய்.

பூஞ்சணத்தைத் தடுக்க மீனவர்கள் கண்ட வழி இன்னும் கெட்டித்தனமானது. நைலோன் வருமுன் வலைகள் பருத்தி நூலால் ஆனவை. இலங்கைக் கரையோரங்களில் கண்டல் மரப்பட்டையை அவித்து, அந்தச் செம்பழுப்புச் சாயத்தில் வலையையும் பாயையும் தோய்த்தார்கள். பட்டையில் இருக்கும் தனின் என்ற பொருள் புரதங்களைப் பிடித்து முடக்கிவிடும். பூஞ்சணம் கக்கும் நொதியமும் ஒரு புரதம்தானே! கடும் சாயத் தேநீர் குடித்ததும் நாக்கு வரண்டு இழுபடுகிறதல்லவா, அது உமிழ்நீரில் உள்ள புரதத்தைத் தனின் பிடிப்பதால் வருகிறது. அதே வேலை. ஐரோப்பிய மீனவர்கள் இதற்கென்று ஆசியாவில் இருந்து காசுக்கட்டி வாங்கினார்கள். அப்பாச்சி வெற்றிலையோடு போடும் அதே காசுக்கட்டி. அவர்களுடைய பழைய படங்களில் பாய்கள் செம்மண் நிறமாய் இருப்பது அதனால்தான். கண்டற்காடுகளை இன்று நாம் காக்க வேண்டும். யாரும் பட்டை உரிக்கப் புறப்பட்டுவிடாதீர்கள். இப்போதைய கன்வஸுக்கு ஆலையிலேயே பூஞ்சண மருந்தும் மெழுகுப் பூச்சும் ஏற்றிவிடுகிறார்கள். நிவாரணக் கூடாரங்களில் பருத்தியோடு பொலியெஸ்ரர் நூலைக் கலக்கிறார்கள். பொலியெஸ்ரரைப் பூஞ்சணம் தின்பதில்லை.

துறைமுகத்து ஊரில் இன்னொரு பகைவன் உண்டு: உப்பு. கடற்கரையில் அடித்த கூடாரத்தில் அலைத்தூறலோடு வரும் உப்பு படிந்துவிடும். மாரிகாலத்தில் குசினி உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைட்டு காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்து இழுக்கும். உப்பேறிய கன்வஸை எத்தனை மணிநேரம் வெயிலில் போட்டாலும், மாலையில் கடற்காற்று அடித்ததும் மறுபடி ஈரமாகிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும், பிறகுதான் காயவைக்க வேண்டும். இரும்பு வளையம் இருந்தால் உப்பு அதைத் துருப்பிடிக்கச் செய்யும். துருக்கறை பட்ட இடத்தில் பருத்தி விரைவில் பலமிழந்து ஓட்டை விழும். நல்ல கூடாரத்துக்குப் பித்தளை வளையம் போடுவது அழகுக்காக அல்ல.

காயவைக்கக் காலமும் பார்க்க வேண்டும். திருகோணமலையில் ஒரு வருடத்து மழையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் நவம்பர், டிசெம்பர் ஆகிய இரண்டு மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அப்போது வெப்பநிலை 25, 26 பாகை செல்சியஸ். பூஞ்சணம் கேட்டு வாங்கியதுபோன்ற காலநிலை. கச்சான் காலமோ நேர்மாறு. தென்மேற்கில் இருந்து வரும் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மலைக்கு இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, வறண்டுபோய் நம்மிடம் வருகிறது. வைகாசி முதல் ஆவணி வரை அந்தக் காற்றில் ஒருநாள் கூடாரத்தை விரித்து, தையல்களைப் பார்த்து, பிரிந்ததைத் தைத்து, மெழுகு போன இடத்துக்கு மெழுகு பூசுங்கள். பள்ளிக்கூடச் சாரணர் அணிகள் இதை வருடாந்த வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. காய்ந்த பிறகும் நாள்கணக்கில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள். சூரியனின் புறஊதாக்கதிர் செலுலோசுச் சங்கிலியை அறுக்கும். புளியமரத்தின் கீழேயும் வேண்டாம். காகத்தின் எச்சம் துணிக்கு ஆகாது.

அழுக்கானால் சவர்க்காரம், சலவைத்தூள் எதுவும் போடக்கூடாது. அவை நீரின் மேற்பரப்பிழுவிசையைக் குறைப்பவை. அலசிய பிறகும் துணியில் தங்கி, அடுத்த மழையை வரவேற்று உள்ளே விடும். குளோரின் இன்னும் மோசம், அது பருத்தியையே அரிக்கும். சேறு பட்டால் உடனே தேய்க்காதீர்கள். காயவிட்டு மென்மையான தும்புத் தூரிகையால் தட்டிவிடுங்கள். மிச்சத்துக்குப் பச்சைத் தண்ணீர் போதும்.

மடிக்குமுன் ஒரு சோதனை. கையால் தொட்டுப் பார்த்தால் கன்வஸ் காய்ந்ததுபோலவே இருக்கும். ஏமாறாதீர்கள். தடித்த மூட்டுத் தையலையும், கயிறு மாட்டும் காதுகளையும், தரையைத் தொடும் கீழ்க்கரையையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுக்கும், குளிர்ச்சி தெரியும். குளிர்ந்தால் இன்னும் காயவிடுங்கள். மழையிலேயே முகாமைப் பிரிக்க வேண்டி வந்தால் லேசாகச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், அன்றைக்கே விறாந்தையில் கொடி கட்டி விரித்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். காய்ந்ததை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் நூல் முறியும். பிளாஸ்ரிக் பையில் அடைக்காமல் துணிப்பையில் போட்டு, சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைத் தட்டில் வையுங்கள். சுவரோடு ஒட்ட வேண்டாம். கறையானுக்கும் செலுலோசு என்றால் உயிர். பூச்சி உருண்டை கம்பளி தின்னும் அந்துக்கு வைப்பது, பூஞ்சணத்துக்கு அதை நம்பாதீர்கள்.

இதையெல்லாம் நான் சொல்லித்தான் நம்ப வேண்டும் என்றில்லை. துணி ஆய்வுகூடங்களில் செய்யும் ஒரு சோதனையை நீங்களே வீட்டு வளவில் செய்யலாம். பழைய பருத்திச் சட்டையில் இருந்து இரண்டு துண்டு, நைலோன் துணியில் ஒரு துண்டு, ஒரு பிடி தும்பு எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துண்டில் ஒன்றைக் கடும் சாயத் தேநீரில் ஒரு இரவு ஊறவைத்துக் காயவையுங்கள். நான்கையும் வாழையடி மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் தனித்தனியாகப் புதைத்து, பக்கத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மண் காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு மாதம் கழித்துத் தோண்டி, மெதுவாக அலசி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். எது முதலில் கையோடு வந்தது, தேநீர்த் துண்டுக்கும் மற்றத் துண்டுக்கும் வித்தியாசம் இருந்ததா என்று குறிப்புக் கொப்பியில் எழுதுங்கள். முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சவர்க்காரம் கூடாரத்துக்குத்தான் கூடாது.